எண்ணூரின் ஒன்பதாம் குழி

சென்னைத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி என் பையிலிருந்த பதினோரு மட்டைகளையும் ஒவ்வொன்றாக உருவி மேசைமேல் அடுக்கினார். நீளமான எஃகுக் கம்பி, அடியில் குளம்பு மாதிரி ஓர் இரும்பு. ஒன்றைத் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“இதெல்லாம் எதுக்கு?”

“கோல்ஃப் மட்டைங்க. பந்து அடிக்க.”

“ஒரு பந்தை அடிக்கப் பதினோரு மட்டையா?”

நியாயமான கேள்வி. மலாயாவில் ஈப்போ நகரத்து மைதானத்தில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பை தூக்கும் வேலைக்குச் சேர்ந்த அன்று நானும் இதைத்தான் கேட்டேன். தூரத்துக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, மணலிலிருந்து தோண்டி எடுக்க ஒன்று, கடைசியில் குழிக்குள் உருட்ட ஒன்று என்று அவருக்கு விளக்கினேன். யார் குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுகிறானோ அவன் ஜெயித்தான். அவ்வளவுதான் ஆட்டம்.

“இதுக்குப் பணம் வேற குடுக்கறாங்களா?” என்றார்.

கொடுக்கிறார்கள். அதற்காகத்தான் நான் கப்பல் ஏறி வந்திருந்தேன்.

நான் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பால் வெட்டினேன், ஈயச் சுரங்கத்தில் மண் அள்ளினேன், லாரியில் கிளீனராக இருந்தேன். எதிலும் இரண்டு வருஷம் தாண்டவில்லை. பை தூக்கும் வேலையில்தான் ஆறு வருஷம் ஒட்டினேன். நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கலாம் என்பதால் இருக்கும். அங்கே புல் பராமரிக்கும் சூசை ராயபுரத்துக்காரர். ஊருக்குத் திரும்பிய ஒரு துரை விட்டுப்போன மட்டைகளைத் தன் சித்தப்பா மகன் சேவியரிடம் சேர்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். சேவியர் எண்ணூரில் ஒரு கம்பெனி மைதானத்தில் வேலை பார்க்கிறான், அவனுக்கு ஒரு தேர்வு வருகிறது, அதில் தேறினால் கல்கத்தா, டெல்லி, பம்பாய் என்று ஊர் ஊராகப் போய்ப் பணத்துக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரன் ஆகிவிடுவான் என்றார். தமிழ்நாட்டை நான் பார்த்ததே இல்லை. போகிறாயா என்று கேட்டார். போகமாட்டேன் என்று நான் எந்த ஊருக்கும் சொன்னதில்லை.

துறைமுக வாசலில் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் என் பையை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா நைனா, ஒட்டட அடிக்கிற வேலையா? இத்தினி கம்பு வச்சிகினு கீற.”

“ராயபுரம் போகணுங்க.”

“போகணுங்களா! எந்த ஊரு நீ?”

“மலாயா.”

“அத்த மொதல்லயே சொல்லக் கூடாது? குந்து, குந்து. என் மச்சான் அங்கதான் கீறான். பேரு ஏயுமல. பாத்திருப்ப.”

மலாயா எவ்வளவு பெரியது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்திலிருந்த நம்பிக்கையைப் பார்த்துவிட்டு, பார்த்த மாதிரிதான் இருக்கிறது என்றேன். வழி முழுக்க மச்சானின் குடிப்பழக்கத்தைப் பற்றி என்னிடம் முறையிட்டார். ராயபுரம் வந்து சேர்வதற்குள் அதற்கு நானும் பாதிப் பொறுப்பு என்கிற மாதிரி ஆகிவிட்டது.

சேவியர் வீடு மாதா கோயிலுக்குப் பின்புறம் ஒரு சந்தில் இருந்தது. கதவைத் திறந்தவள் அவன் மனைவி ரெஜினா. இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை பார்ப்பவள்; விரல் நுனிகள் ஐஸ் பட்டுப் பட்டு வெளுத்துச் சுருங்கியிருந்தன. நான் யாரென்று அவள் கேட்கவில்லை. பையைப் பார்த்தாள்.

“மட்ட வந்துடுச்சா? உள்ள வா அண்ணாத்த. அத்த அந்த மூலைல சாத்து, தடுக்கி வுயப்போறேன்.”

அன்று மத்தியானம் மீன் குழம்பும் கடம்பா வறுவலும். கடம்பா என்பது கணவாய்; நாங்கள் ஈப்போவில் சோத்தோங் என்று சாப்பிடுவதுதான். அங்கே சீனன் கடையில் அது தோட்டத்து ரப்பர் மாதிரி இழுக்கும். ரெஜினா வறுத்தது பல்லில் பட்டதும் கரைந்துவிட்டது. மூன்று தரம் சோறு வாங்கினேன். பரிமாறிக்கொண்டே அவள் வீட்டு நிலவரத்தைச் சொன்னாள்.

“இது மூணாவது தபா அண்ணாத்த. மொத தபா ஜொரம். ரெண்டாவது தபா கடேசி நாள்ல கை ஒதறிச்சு. இந்த தபாவும் பூட்டுச்சுன்னா மட்டைய கீய வச்சிட்டு கம்பெனி லோடிங்ல சேந்துடறேன்னு மாதா மேல சத்தியம் பண்ணிகீறாரு. ஓவர்சீரு பேர எய்தி வச்சிகினு காத்துகினுகீறாரு. தேர்வு முடிஞ்ச திங்கக்கெயம வந்து நிக்கணுமாம். பர்மனெண்டு வேல. ஆஸ்பத்திரி கீது, பென்சன் கீது.”

“ஜெயிச்சுட்டா?”

“ஜெயிச்சா அவுரு பம்பாய்க்குப் போவாரு, நான் எறா உரிப்பேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஜெயிக்கட்டும் அண்ணாத்த. மூட்ட தூக்கிட்டு வந்து மூஞ்ச தொங்கப் போட்டுகினு குந்திகீற ஆளோட எத்தினி வருசம் குடும்பம் பண்றது?”

சேவியர் பொழுது சாய்ந்து வந்தான். ஒல்லி. முகமும் கைகளும் கறுத்து, இடது கை மட்டும் மணிக்கட்டுக்குக் கீழே வெளிறியிருந்தது. அந்தக் கையில் உறை போட்டு ஆடுவதால். மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் ஊன்றிப் பார்த்தான்.

“நல்லாகீதா இல்லியா, சொல்லேன்யா. கடல் தாண்டி தூக்கிகினு வந்துகீறாரு,” என்றாள் ரெஜினா.

“நல்லாதான் கீது,” என்றான். “அதான் பயமா கீது. இதுக்கு முன்னாடி மட்ட செரியில்லன்னு சொல்லிக்கலாம்.”

மறுநாள் அவனோடு கொருக்குப்பேட்டையில் ரயிலேறி எண்ணூருக்குப் போனேன். ரயில் நாலு நிமிஷம் ஓடும், சரக்கு வண்டிக்கு வழிவிட்டுப் பத்து நிமிஷம் நிற்கும். கரித்தூள் கண்ணில் விழுந்தது. எதிரே மீன் கூடையோடு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மற்றவளிடம், “அந்தாளு கையப் பாரேன், ஒண்ணு வெள்ள, ஒண்ணு கருப்பு,” என்றாள். “எதுனா கம்பெனில ஆசிட்ல வுட்டிருப்பான், பாவம்,” என்றாள் மற்றவள். சேவியர் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

ஈப்போ மைதானத்தில் எங்கு பார்த்தாலும் பச்சை. தினமும் மழை பெய்து புல்லை வளர்த்துவிடும். வெட்டுவதுதான் சூசையின் தலைவலி. எண்ணூரில் சாலைக்கும் கடலுக்கும் நடுவே மணலும் சவுக்கும்தான். அங்கங்கே சொட்டை மாதிரிப் புல். உப்புத் தண்ணீரில் அதற்குமேல் வளராது. ஒன்பது குழிகள், இரண்டு சுற்று போனால் பதினெட்டு. குழியைச் சுற்றி வழக்கமாக இருக்கும் வழவழப்பான புல்வெளிக்குப் பதில் இங்கே வட்டமாக ஒரு மணல் களம். பழைய என்ஜின் எண்ணெயை ஊற்றிப் பிசைந்து, உருளை போட்டு அழுத்திய பழுப்பு மணல். பிரவுன் என்பார்கள். அதில் நடந்தால் காலடி பதியும். பதிந்த இடத்தில் பந்து வழிமாறும். ஆகவே பந்தை உருட்டுவதற்கு முன், பை தூக்குபவன் பந்திலிருந்து குழிவரைக்கும் ஒரு சாக்கை ஒரே தரம் இழுத்து வழியைச் சமன் செய்ய வேண்டும்.

இது மணலுக்கு மட்டும் உள்ள சலுகை. புல்லில் உருட்டும் வழியை விரலால் தொட்டாலும் இரண்டு அடி தண்டனை. பை தூக்குபவன் தொட்டாலும் தண்டனை ஆடுபவன் தலையில்தான்.

அங்கே இருந்த ஒன்பதில் எட்டு பிரவுன். கடைசிக் குழியில் மட்டும், தேர்வுக்கு வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள் என்று, லாரியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிப் புதிதாகப் புல் வளர்த்திருந்தார்கள். சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது. தேர்வு நாள்வரை யாரும் அதில் கால் வைக்கக் கூடாது. காவலுக்கு இருந்தவர் அதை மகளைப் போலப் பார்த்துக்கொண்டார்.

வழக்கமாகச் சேவியருக்குப் பை தூக்குகிறவர் அந்த வாரம் வெளியூர் ஆட்டக்காரர் ஒருவரோடு போய்விட்டார். எண்ணூரில் பை தூக்குகிற எல்லோருமே அப்படித்தான் போயிருந்தார்கள். குற்றம் சொல்ல முடியாது. வெளியூர்க்காரர் கை நிறையக் கொடுப்பார். சேவியர் டீ வாங்கித் தருவான். நான் தூக்குகிறேன் என்றேன். ஆறு வருஷம் தூக்கிய தோள்தானே.

தோள் சரியாக இருந்தது, கைதான் பழகவில்லை. நான் புல்லில் வேலை செய்தவன். களத்துக்கு வந்ததும் ஒதுங்கி, மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் நிற்பதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்த மரியாதை. இங்கே அப்படி நின்றால் வசவு விழும்.

“சாக்கு அண்ணாத்த, சாக்கு!”

அடுத்த குழியில் மறுபடி நிற்பேன்.

“யோவ், அத்த தோள்ல எதுக்குப் போட்டுகினு கீற, பொன்னாடையா? இயு!”

மூன்று நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் சாயங்காலம், அவன் வாயைத் திறப்பதற்குள் சாக்கை இழுத்துவிட்டு நிமிர்ந்தேன். “ஆங். இப்பதான் நீ எண்ணூர்க்காரன்,” என்றான். ஏதோ பட்டம் வாங்கிய மாதிரி இருந்தது எனக்கு.

அவன் ஆடுவதைப் பார்க்க ஆசையாக இருக்கும். கடற்காற்று பதினொரு மணிக்கு மேல் கிளம்பிவிடும். மற்ற ஊர்களில் ஒரு கிள்ளுப் புல்லைப் பறித்துப் போட்டுக் காற்றைப் பார்ப்பார்கள். இவன் தலையைத் தூக்கிப் பக்கத்துக் கம்பெனிகளின் இரண்டு புகைபோக்கிகளைப் பார்ப்பான். இரண்டு புகையும் ஒரே பக்கம் சாய்ந்தால் ஒரு மட்டை. கிட்டத்துப் புகை நேராகப் போய்த் தூரத்துப் புகை மட்டும் சாய்ந்தால் வேறு மட்டை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கம்பெனி லீவு என்றால் பாதிக் குருடன் ஆகிவிடுவேன் என்று சிரிப்பான்.

ஆனால் தேர்வு நெருங்க நெருங்கச் சிரிப்பு நின்றது. சோறும் நின்றது. ரெஜினா இறால் தொக்கு வைத்தாள், தொடவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் பர்மாவிலிருந்து வந்தவர் ஒருவர் விற்கும் நூடுல்ஸை நான் வாங்கிவந்தேன். எனக்கு ஈப்போவில் மீ என்று தின்னும் நூடுல்ஸ் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. அவன் இரண்டு வாய் தின்றுவிட்டுச் சந்துக்குப் போய் வாந்தி எடுத்தான். கோயிலுக்கும் போகவில்லை. போன இரண்டு தடவையும் போய்விட்டுத்தான் தோற்றானாம். அவனுக்குப் பதிலாக ரெஜினா போய் முழந்தாளிட்டுவிட்டு வந்தாள்.

“நீ பொறந்ததுலருந்து ஆடற மணலுயா அது,” என்றாள் அவனிடம். “உனுக்கு இன்னா பயம்?”

“தெனமும் ஆடசொல்ல அது மணலு. அன்னிக்கி மட்டும் அது பரீட்ச பேப்பரு,” என்றான்.

தேர்வு இரண்டு நாள், நாளுக்கு இரண்டு சுற்று. இருபத்திரண்டு பேர், பெங்களூர், கோயம்புத்தூர், நீலகிரி என்று பல ஊர்க்காரர்கள். முதல் நாலு பேருக்குத்தான் இடம்.

முதல் நாள் காலையில் ரயில் வரவில்லை. எங்கோ சரக்குப் பெட்டி ஒன்று தண்டவாளத்தை விட்டு இறங்கிவிட்டதாம். ஓடிப்போய் பஸ் பிடித்தோம். காலடிப்பேட்டை தாண்டும்போது அது பெருமூச்சு விட்டுவிட்டு நின்றது. டிரைவர் இறங்கிப் போய் முன்பக்கத்தைத் திறந்தார்; உள்ளே பார்த்துவிட்டு ஒரு பீடி பற்றவைத்தார். பீடியைப் பார்த்ததும் சேவியர் பையைத் தூக்கிக்கொண்டு சாலை நடுவில் போய் நின்றான். உப்பு இறக்கிவிட்டு எண்ணூருக்குக் காலியாகத் திரும்பும் லாரி ஒன்று அவன்மேல் மோதாமல் நின்றது.

“சாவறதுக்கு வேற வண்டி கெடக்கலியாடா உனுக்கு?”

“மாமு, கோச்சிக்காத. பரீட்ச. எட்டு மணிக்கி.”

டிரைவர் அவனையும் மட்டைகளையும் பார்த்தார். “இந்த வயசுலயா பரீட்ச? ஏறு, ஏறு.”

பின்னால் மிச்சமிருந்த உப்பில் உட்கார்ந்து போனோம். மைதான வாசலில் இறங்கியபோது இருவருக்கும் இடுப்புக்குக் கீழே வெள்ளை. மற்ற ஆட்டக்காரர்கள் இஸ்திரி போட்ட கால்சட்டையில் நின்றுகொண்டிருந்தார்கள். பெயர் பதிவு செய்த அலுவலர் சேவியரைப் பார்த்துவிட்டு, “வேலைக்காரங்க பின்பக்கமா வரணும்,” என்றார். “ஆடறதுக்கு வந்துகீறேன் சார்,” என்றான் சேவியர். அவனிடம் அந்த வாரம் நான் கேட்ட மிக மரியாதையான வாக்கியம் அதுதான்.

கோபம் அவனுக்கு நல்லது செய்தது. புகையைப் பார்த்தான், அடித்தான். வெளியூர்க்காரர்கள் பதினொரு மணிக் காற்றில் சவுக்குத் தோப்புக்குள் பந்து தேடிக்கொண்டிருந்தார்கள். நான் தவறாமல் சாக்கு இழுத்தேன். ஒன்பதாவதில் கயிறு அவிழ்த்திருந்தார்கள். புல்லில் கால் வைப்பதற்கு முன் சேவியர் என் பக்கம் திரும்பி, “இங்க சாக்கு வாணாம் அண்ணாத்த,” என்றான். சாயங்காலச் சுற்றிலும் அதே இடத்தில் அதையே சொன்னான். நாள் முடிவில் கரும்பலகையில் அவன் பெயர் ஏழாவது இருந்தது. ஏழிலிருந்து நாலுக்குத் தூரம் மூன்றே அடிகள்.

இரண்டாம் நாள் காலைச் சுற்றில் ஐந்தாவது இடத்துக்கு வந்தான். ஒன்பதாவது புல்லில் அப்போதும், “சாக்கு வாணாம்,” என்றான். சாயங்காலம் ஆட ஆட அவன் பேச்சு குறைந்தது. எந்த மட்டை என்று கையை நீட்டுவான், அவ்வளவுதான். உதடு வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன், வாயைக் கொப்பளித்துத் துப்பினான், விழுங்கவில்லை. எட்டாவது குழியில் நல்ல தூரத்திலிருந்து உருட்டிப் போட்டான். நான் இழுத்த வழியில் நூல் பிடித்த மாதிரி பந்து போனதைப் பார்த்து, அந்தச் சாக்கை முத்தமிடலாம் என்று தோன்றியது.

கடைசிக் குழிக்கு வரும்போது கரும்பலகை கண்ணுக்குத் தெரிந்தது. நாலாவது இடத்தில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஆடி முடித்துவிட்டு, பலகைக்குப் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். சேவியர் இந்தக் குழியை நாலு அடியில் முடித்தால் அவரைத் தாண்டிவிடுவான். ஐந்தென்றால் சமம், மறுபடி மோத வேண்டும். ஆறென்றால் வீட்டுக்குப் போகலாம்.

இரண்டே அடியில் பந்து புல்லுக்கு வந்துவிட்டது. குழிக்கு இரண்டு ஆள் நீளம். இரண்டு தட்டில் போட்டால் போதும். தூங்கிக்கொண்டே போடுவான். அவனோடு சேர்ந்து ஆடிய பெங்களூர்க்காரர் களத்துக்கு வெளியே மணலில் மாட்டிக்கொண்டு தோண்டிக்கொண்டிருந்தார். சேவியர் மட்டையை வாங்கிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றான். உருட்டும் பந்துக்குக் காற்று எதற்கு? பார்க்க வேறொன்றும் இல்லாமல் பார்த்தான் என்று நினைக்கிறேன். அந்தத் தடவை அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நான் குனிந்து சாக்கை இழுத்தேன்.

அன்று மட்டும் பதினாறு பிரவுன்களில் இழுத்த கை. பந்திலிருந்து குழிவரை, ஒரே சீராக, மிக நன்றாக இழுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது இளம்புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெயிலில் பளபளவென்று ஒரு பட்டை தெரிந்தது. மணலில் பட்டை பளபளக்காதே என்று ஒரு கணம் யோசித்தேன். அப்புறம்தான் காலடியில் இருப்பது புல் என்று உறைத்தது.

சேவியர் திரும்பினான். பட்டையைப் பார்த்தான். என் கையிலிருந்த சாக்கைப் பார்த்தான்.

“அண்ணாத்த,” என்றான். திட்டவில்லை. யாராவது தடுக்கி விழுந்தால் கூப்பிடுகிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

வேறு யாரும் பார்க்கவில்லை. பெங்களூர்க்காரர் அப்போதுதான் மணலிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார். சேவியர், தன் அடிக்கணக்கை எழுதிவந்த அவரிடம், “எனுக்கு ரெண்டு சேத்து எய்திக்க,” என்றான்.

அவர் கன்னடம் கலந்த தமிழில், எதற்கு என்று கேட்டார்.

“சாக்கு இயுத்துட்டோம்.”

அவர் புல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தான் எதையும் பார்க்கவில்லை என்றும், கடைசிக் குழியில் போய் ஏன் இதெல்லாம் என்றும் சொன்னார். நல்ல மனிதர்.

“நான் பாத்தேனே,” என்றான் சேவியர்.

இப்போது ஒரே தட்டில் போட வேண்டும். போட்டால் சமம். அவன் வெகுநேரம் குனிந்து நின்றான். உருட்டினான். நான் இழுத்துவைத்த பட்டையின் மேலேயே பந்து போயிற்று. போய்க் குழியின் விளிம்பில், உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல நின்றது. ஊதினால் விழுந்துவிடும். யாரும் ஊதவில்லை. பலகைக்குப் பக்கத்தில் கோயம்புத்தூர்க்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும்போது திருவொற்றியூர்வரை நடந்தே வந்தோம். நான் பேச வாயெடுத்த போதெல்லாம் அவன், “உடு அண்ணாத்த,” என்றான். வழியில் ஒரு கடைமுன் நின்று, “பசிக்குது,” என்றான். எட்டு பரோட்டா தின்றான். ஐந்து நாள் பசி. நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தன் இலையிலிருந்து ஒரு துண்டுக் கறியை எடுத்து என் இலையில் வைத்துவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டான். அந்தப் பயணத்தில் நான் விழுங்கச் சிரமப்பட்டது அது ஒன்றுதான்.

வீட்டில் ரெஜினா அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். அவன், “பூட்டுச்சு. கடேசில உருட்டசொல்ல நின்னுடுச்சு,” என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான். பிறகு, “திங்கக்கெயம ஓவர்சீரப் பாக்கறேன்,” என்றான்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு, புல், பட்டை, இரண்டு அடி. சேவியர் நடுவில், “அது கெடக்கட்டும் உடு,” என்று தடுத்துப் பார்த்தான். ரெஜினா அவனை ஒரு கையால் அடக்கிவிட்டு, கடைசிவரை கேட்டாள்.

“அப்ப அந்த ரெண்டு அடி இல்லாங்காட்டி?”

“நாலாவது எடம்,” என்றேன்.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “யோவ். நீ மாதாவாண்ட இன்னா சொன்ன? ‘நான் தோத்தா’ன்னுதான சொன்ன?”

“ஆமா.”

“நீ எங்கய்யா தோத்த? தோத்தது இந்த மலாயாக்காரரு. அவரு சத்தியம் பண்ணலியே.”

“அதெல்லாம் மாதா ஒத்துக்குமா?”

“மாதாவாண்ட நான் பேசிக்கறேன். நீ அடுத்த வருசத்துக்கு ஆடு.”

“பர்மனெண்டு வேலடி. திங்கக்கெயம போயி நிக்கலன்னா பேர அடிச்சிருவாங்க. அப்பறம் எந்த சென்மத்துல கெடக்கும்?”

ரெஜினா என்னை மேலும் கீழுமாக, மீன் வாங்குகிறவள் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

“அண்ணாத்த, உனுக்கு கப்பலு எப்ப?”

“தேதி ஒண்ணும் வைக்கலை.”

“மூட்ட தூக்குவியா?”

அப்போதுதான் பதிலி என்றால் என்னவென்று தெரிந்துகொண்டேன். அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அது வழக்கம். ஒருவனால் வர முடியாவிட்டால் அவன் பெயரில் இன்னொருவன் வேலை பார்க்கலாம். அப்படி ஆள் நின்றுகொண்டிருக்கும்வரை அவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க மாட்டார்கள். ஈப்போவில் இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. அங்கே ஆள் வரவில்லை என்றால் பெயரும் போய்விடும்.

சேவியர் கூடாது என்றான். விருந்தாளியைப் போய் மூட்டை தூக்கச் சொல்வதா என்று கத்தினான். “தூக்கட்டும். சாக்குன்னா அவுருக்கு உசுரு,” என்றாள் ரெஜினா. அவனால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டான். பல நாளைக்குப் பிறகு அவன் சிரித்த முதல் சிரிப்பு. அதைப் பார்த்தபிறகு நான் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கம்பெனி வாசலில் நின்றேன். நாற்பது ஐம்பது பேர் இருந்தோம். மூக்குக்கண்ணாடி போட்ட டைம்கீப்பர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து பெயர் பெயராகப் படித்தார். படித்த பெயருக்கு ஆள் குரல் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும்.

“சேவியர்!”

“உள்ளேன் ஐயா,” என்றேன்.

அவர் நிமிர்ந்து கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “சேவியர் ஒல்லியா இருப்பான்னு ஓவர்சீரு சொன்னாரே?”

“நான் பதிலிங்க.”

“பதிலிங்களா? எந்த ஊரு நீ?”

“மலாயா.”

“மலாயாலருந்து எண்ணூருக்கு மூட்ட தூக்க வந்துகீற!” பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். “நெசமான சேவியரு எங்க?”

“பந்து அடிக்கப் போயிருக்கான்.”

அவர் பேனாவை எடுத்து, பெயருக்கு நேரே எதையோ எழுதி, கீழே ஒரு கோடு போட்டார். “எத்தினி நாளிக்கி?”

“அவன் ஜெயிக்கிற வரைக்கும்.”

இன்னும் சிரிப்பு. டைம்கீப்பர் மட்டும் சிரிக்கவில்லை. பேனா நுனியால் கதவைக் காட்டினார்.

“செரி. மூணாம் நம்பரு கொட்டாய். உள்ள போ, சேவியரு.”

போனேன்.